நடந்து காட்டு

விளையாட்டு விடுதியில் ஜெபராணி மிஸ் நடத்தும் இங்கிலீஷ் வகுப்புக்குப் புத்தகம் கிடையாது. அவர் ஒரு வார்த்தை சொன்னால், ஒரு பெண் எழுந்து அதை நடந்து காட்ட வேண்டும். மார்ச், ஜாகிங், டிப்டோ எல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாக முடிந்தன.

"அடுத்தது லிம்ப். நொண்டி நடக்கிறது. யாரு வாரீங்க?" வழக்கம்போல இடது காலை இழுத்து இழுத்து மிஸ் முன்னால் வந்தார்.

இசக்கியம்மாள் எழுந்தாள். மறுநாள் மாநில அணிக்கான ஓட்டத் தேர்வு அவளுக்கு. மிஸ்ஸைப் போலவே காலை இழுத்து நடந்தாள்.

"அச்சு அசல் மிஸ்ஸேதான்ளா!" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"போதும், உட்காரு" என்ற மிஸ், கரும்பலகையை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். இசக்கியம்மாளால் காலை நேராக ஊன்ற முடியவில்லை.

"மிஸ், காலு வர மாட்டேங்கு. நாளைக்கு ஓடணுமே!"

மிஸ் அவள் காதருகே குனிந்தார். "பயப்படாத. எனக்கும் ஒருத்தி தந்ததுதான். வேற யாரையாவது நடந்து காட்டச் சொல்லு, போயிரும்."

இசக்கியம்மாள் வகுப்பைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த முகங்கள்.

"லிம்ப்" என்றாள். "யாரு வாரீங்க?"

"நான் வாரேன்ளா!" அவளுடைய அறைத்தோழி ரெபேக்கா துள்ளி எழுந்தாள். "ஒன்னவிட நல்லா நொண்டுவேன், பாக்கியா?"

ரெபேக்காவுக்கும் நாளைக்குத்தான் தேர்வு. 'நீ வேண்டாம்' என்று சொல்ல இசக்கியம்மாள் வாயெடுத்தாள். அதற்குள் ரெபேக்கா முதல் அடியை இழுத்து வைத்தாள்.

இசக்கியம்மாளின் கால் லேசானது. திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டாள்.