முகம் வரவில்லை

ஸ்டூலில் ஏறி நின்றேன். என் கணவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

ஐந்தாவது மாடி பால்கனி. துணிக்கொடி அறுந்துவிட்டது. புதுக் கயிற்றை மேலே இருக்கும் கொக்கியில் கட்ட வேண்டும். ஸ்டூலில் ஏறினால் கைப்பிடிச் சுவர் என் முழங்காலுக்குக்கூட வரவில்லை.

வீட்டு வேலை என்றாலே காத தூரம் ஓடுகிறவர், இன்று கூப்பிடாமலே வந்து நின்றார். மழைதான் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் எழுத்தாளர். பெரிய எழுத்தாளர் என்றே சொல்லலாம். மேடைக்கு மேடை, உங்களுக்குக் கரு எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்பார்கள். வாழ்க்கையிலிருந்து என்பார். கைதட்டுவார்கள். அந்த வாழ்க்கை என்பது பெரும்பாலும் நான்தான்.

மனிதருக்குக் கற்பனை என்பது மருந்துக்கும் கிடையாது. கண்ணால் பார்த்தால்தான் எழுத வரும். இது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

பால் பொங்கி வழிவதை எழுத வேண்டுமென்று ஒருமுறை ஒரு பாத்திரம் பாலை அடுப்பில் கொட்டவிட்டார். துடைத்தது நான். எனக்குப் பல் பிடுங்கியபோது டாக்டருக்கு இடைஞ்சலாக நின்றுகொண்டு என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

என் அம்மா இறந்த அன்று நான் அழுதுகொண்டிருந்தபோது, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அடுத்த மாதமே என் அழுகை பத்திரிகையில் வந்துவிட்டது, மூக்கைச் சிந்தியது உட்பட. எனக்கு அவமானமாக இருந்தது. படித்தவர்கள் உருகிப்போனார்கள்.

நானும் ஒரு காலத்தில் அப்படி உருகியவள்தான். அவருடைய முதல் நாவல்தான் என்னை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது.

அவருடைய முதல் மனைவி மாடியிலிருந்து தவறி விழுந்து இறந்தவள். அதைத்தான் எழுதியிருந்தார். விழுகிற நொடியில் அவள் கத்தவில்லையாம். அடுப்பை அணைக்க மறந்துவிட்டவள்போல அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாளாம்.

அந்த இடத்தைப் படித்துவிட்டு ஓவென்று அழுதேன். இதையெல்லாம் கண்ணால் பார்த்த மனிதர் எப்படித்தான் நடமாடுகிறாரோ என்று இரக்கப்பட்டேன். அந்த இரக்கத்தில்தான் கட்டிக்கொண்டேன். பிறகு அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எதற்குப் புண்ணைக் கிளறுவது?

இரண்டாவது நாவல் இரண்டு வருடமாக ஒரே பக்கத்தில் நிற்கிறது. தான் சாகப்போகிறோம் என்று ஒரு பெண்ணுக்குத் தெரிந்துவிடுகிற இடம். தலைகீழாக நின்று பார்த்தும் அவள் முகம் வரவில்லை என்று புலம்புகிறார். பதிப்பாளர் போன் செய்தால் எடுப்பதில்லை. தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருக்கிறது. பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

கயிற்றைக் கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

உள்ளே ஹாலில், ரொம்ப நாள் கழித்து எங்களைப் பார்க்க வந்திருக்கும் நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"பாத்து நில்லும்மா. அவளும் இப்படி எதுலயோ ஏறப்போய்த்தான் விழுந்தா. இவன் கடைக்குப் போயிருந்தான், பாவம். வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. கடைசியா அவ முகத்தை உயிரோட பாக்கக்கூட இவனுக்குக் குடுத்துவைக்கல."

குக்கர் விசில் அடித்தது. நாத்தனார் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

என் கை கொக்கியிலேயே நின்றுவிட்டது.

கடைக்குப் போயிருந்தவர் அந்த முகத்தை எப்படிப் பார்த்தார்?

ஸ்டூல் லேசாக ஆடியது. தலை சுற்றுகிறது, இறங்குகிறேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை.

குனிந்து பார்த்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாகக் காணாமல் போயிருந்த சந்தோஷம் அவர் கண்ணில் தெரிந்தது.

"அப்படியே இரு," என்றார் மெதுவாக.

ஒரு கையை ஸ்டூலிலிருந்து எடுத்து, சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.