ஆண்டு பாஸ்

தண்ணீர்ப் பூங்காவின் டிக்கெட் கவுண்டர் முன்னால் நிவேந்திரன் தயங்கி நின்றான். ஆண்டு பாஸ் வாங்கினால் கட்டுப்படியாகுமா என்று அவனால் முடிவெடுக்க முடியவில்லை.

“வருஷத்துக்கு ரெண்டு தடவ வருவோம். அதுக்கு எதுக்கு பாஸ்? வேஸ்ட்லா,” என்றான்.

மனைவி அகல்யாவின் கை மகள் தர்ஷிகாவின் தலைமுடியில் இருந்தது. போன மாதம் இங்கே குளித்துவிட்டுப் போனதிலிருந்து அந்த முடி காயவே இல்லை. வெயிலில் உட்கார வைத்தாலும், காற்றாடிக்குக் கீழே படுக்க வைத்தாலும், காலையில் தலையணை நனைந்திருந்தது. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். பிள்ளை சாப்பிட்டாள், பள்ளிக்குப் போனாள். சிரிக்க மட்டும் மறந்திருந்தாள்.

நேற்றுதான் அகல்யாவுக்கு அந்த நினைவு வந்தது. ஆறு, குளம் என்று எதை விட்டுக் கிளம்பினாலும், பிள்ளையின் உயிர் தண்ணீரிலேயே தங்கிவிடக் கூடாதென்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்துப் போவது அவள் வீட்டு வழக்கம். அன்று கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டு அவள் கூப்பிடவில்லை.

“சரி, இப்பக் கூப்பிட்டுப் பாரு. வந்துட்டா பாஸ் காசு மிச்சம்,” என்று நிவேந்திரன் கிண்டலடித்தான்.

அகல்யா கம்பிக் கதவருகே போய், “தர்ஷிகா, வாம்மா, வீட்டுக்குப் போவோம்,” என்றாள்.

பக்கத்தில் நின்ற மகள் வாய் திறக்கவில்லை. உள்ளே, நீர்ச்சறுக்கின் உச்சியிலிருந்து, அவளுடைய குரல் சிரித்துக்கொண்டே கேட்டது.

“இன்னும் கொஞ்ச நேரம்மா!”

நிவேந்திரன் சறுக்கின் உச்சியை அண்ணாந்து பார்த்தான். பிறகு கவுண்டர் பக்கம் திரும்பினான்.

“மூணு பேருக்கும் வருஷ பாஸே போட்டுருங்க.”