மூன்றாவது பசை

"பசையா இது? பச்சைத் தண்ணி! ஊரை ஏமாத்தறியா?"

ரத்தினவேல் ஹிந்தியில் போட்ட சத்தத்தில் கிட்வாய் நகர் மார்க்கெட்டில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஹார்டுவேர் கடைக் கவுன்டரில், அவர் வீட்டு பாத்ரூம் தாழ்ப்பாளின் கொக்கி இரண்டு துண்டாகக் கிடந்தது. ஒட்டி ஒட்டி உடைவது இது மூன்றாவது முறை.

கடைக்கார சேட்டு அசரவில்லை. "சாப், முதல்ல நீங்க கேட்டு வாங்கினது சொட்டுப் பசை. இரும்புக்கு அது தாங்காது, ஒரு தட்டுத் தட்டினா விட்டுடும்னு அப்பவே சொன்னேன்."

"சரி. அப்புறம் ரெண்டு ட்யூப் பசை கொடுத்தியே? உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். சரிபாதி கலந்தேன். ஒரு நாள் முழுக்கத் தொடவே இல்லை. மறுநாளே போச்சு!"

"அதான் இரும்புத் தூள் கலந்த பசை கொடுத்தேனே?"

"அதுவும்தான் போச்சு! அச்சா மால், நல்ல சரக்குன்னு சொல்லி என் தலையில கட்டிட்டே!"

புதிதாக வாங்கலாமென்றால் அந்த அளவுத் தாழ்ப்பாள் எங்குமே கிடைக்கவில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிய, பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டியிருக்கிறது. ஒரு செக்‌ஷன் ஆபீசருக்கு இதெல்லாம் ஒரு பிழைப்பா! நினைக்க நினைக்க, நெற்றியில் புதுத் தையல் தழும்பு விண்விண்ணென்று தெறித்தது.

சேட்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு துண்டுகளைத் திருப்பிப் பார்த்தார்.

"இங்கே பாருங்க சாப். ஒட்டின இடம் கெட்டியா அப்படியே இருக்கு. அதுக்குப் பக்கத்துல முறிஞ்சிருக்கு. இந்தப் பல் தடம் தெரியுதா? கட்டிங் பிளேயர். யாரோ பிடிச்சு முறுக்கியிருக்காங்க. என் பசை மேல பழி போடாதீங்க."

ரத்தினவேலுக்கு ரத்தம் தலைக்கேறியது. வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார்.

"எவ வேலை இது? தாழ்ப்பாளை உடைச்சது யாரு?"

மகள் சுபிக்ஷா அம்மாவைப் பார்த்தாள். இந்திராணி டிராயரைத் திறந்து, கட்டிங் பிளேயரை எடுத்து மேஜைமேல் 'டங்'கென்று வைத்தாள்.

"நான்தான். மூணு தடவையும் நான்தான்."

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? கடைத்தெருவுல அந்த மனுஷனைக் கண்டபடி பேசிட்டு வந்திருக்கேன்!"

"அவர்கிட்ட நாளைக்கு நானே மன்னிப்புக் கேட்டுக்கறேன். போன மாசம் சுகர் இறங்கி உள்ளே மயங்கி விழுந்தீங்க. கால் வழுக்கிடுச்சுன்னு ஊருக்கெல்லாம் கதை சொன்னீங்க. தாழ் போடாமக் குளிங்கன்னு கெஞ்சினேன். நான் என்ன நோயாளியான்னு குதிச்சீங்க."

"அதுக்காக உடைக்கறதா?" என்றார். குரல் பாதியாகியிருந்தது.

"உடைப்பேன். இன்னும் கெட்டியான பசை இருந்தா வாங்கிட்டு வாங்க, அதையும் உடைப்பேன்." அவள் பிளேயரை மறுபடி கையில் எடுத்தாள். "அன்னைக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவை உடைக்கற வரைக்கும், கால் மணி நேரம் வெளியே நின்னு 'ஏங்க, ஏங்க'ன்னு கத்தினேன். உள்ளே கிடந்த உங்களுக்கு அது கேட்டிருக்காது."