நஞ்சில்லாத பெட்டி

வசந்தமலர் கரட்டைத் தோல் சீவாமல் வெட்டிக்கொண்டிருந்ததைக் கண்டதும் கணேசலிங்கத்துக்குச் சுருக்கென்றது.

"இஞ்சேரும், உமக்கு எத்தினை தரம் சொல்லுறது? தோலைச் சீவிச் சாப்பிடச் சொல்லிப் பேப்பரிலையே போட்டிருக்கிறான். வயித்திலை பிள்ளை எண்ட நினைப்பே இல்லையோ?"

"தோலைச் சீவினால் கறி எல்லாருக்கும் காணாதப்பா," என்றாள் அவள், கத்தியை நிறுத்தாமல்.

சோம்பலுக்கு ஒரு நொண்டிச்சாட்டு என்று அவன் நினைத்துக்கொண்டான்.

லண்டனின் எட்மண்டனில் அந்தச் சின்ன வீட்டில் ஆறு பேர். அவர்கள் இருவர், அகதியாக வந்து இடமில்லாமல் நின்ற ஊர்ப் பெடியள் நாலு பேர். பெடியளைச் சேர்த்து வைத்திருப்பதில் கணேசலிங்கத்துக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் இப்போது எண்ணமெல்லாம் பிள்ளையில்தான். முதல் பிள்ளை நாலாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. டொக்டர் காரணம் சொல்லவில்லை. காரணத்தைக் கணேசலிங்கமே கண்டுபிடித்து வைத்திருந்தான்: மரக்கறிக்கு அடிக்கிற பூச்சிமருந்து.

அந்த நேரத்தில்தான் கிளினிக்கில் ரதியைச் சந்தித்தார்கள். மலேசியத் தமிழ்ப் பெண். ஒரு கல்லூரியின் ஆய்வுகூடத்தில் வேலை. கர்ப்பிணிகளின் சாப்பாட்டில் மருந்து எவ்வளவு கலந்திருக்கிறது, அது பிள்ளைக்கு ஆபத்தான அளவா என்று மிசினில் போட்டுப் பார்க்கிறார்களாம். வசந்தமலர் செய்யவேண்டியது ஒன்றுதான். ஒரு கிழமைக்கு, மத்தியானம் தான் எதைச் சாப்பிடுகிறாளோ அதிலேயே, அதே அளவில் இன்னொரு பங்கைப் பெட்டியில் போட்டு மூடிக் கொடுக்க வேண்டும். ஒரு பிடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

பெடியளுக்கு இது பகிடியாகிவிட்டது. அண்ணி இப்ப வெள்ளைக்காரனின் மிசினுக்கும் சேர்த்துச் சமைக்கிறா என்றான் யோகராஜா. மிசின் எங்கள் உறைப்பைத் தாங்குமோ என்று இன்னொருவன் கேட்டான்.

"தின்னுறதைப் பாத்துத் தின்னுங்கோடா," என்று கணேசலிங்கம் அதட்டினான்.

பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் பொறுப்பு. மத்தியானம் பெடியளோடு இருந்து சாப்பிட்டுவிட்டு, குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு வருவான். அதற்குள் வசந்தமலரும் சாப்பிட்டு, பெட்டியையும் மூடி வைத்திருப்பாள். ஷிப்ட்டுக்குப் போகிற வழியில் அதை மடியில் வைத்தபடி பஸ்ஸில் இருப்பான். பெட்டி நல்ல பாரம். பிள்ளைக்கும் சேர்த்து நன்றாகத்தான் சாப்பிடுகிறாள் என்று மனம் குளிரும்.

முதல் நாள் ரதி அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அவன் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினான். அதெல்லாம் வேண்டாம் என்று அவள் சொல்லியும் கேட்கவில்லை.

மேசைமேல் ஒரு சாம்பல் நிற இயந்திரம் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. சாப்பாட்டை அரைத்து, சாறெடுத்து, அதில் ஒரு துளியை ஊசியால் உள்ளே விடுவார்களாம். தலைமயிர் அளவு மெல்லிய ஒரு குழாய். அதற்குள் சுற்றிச் சுற்றி ஓடி வெளியே வரும்போது, எந்த மருந்து, எவ்வளவு என்று தாளில் மலை மலையாகக் கீறிக் காட்டுமாம்.

"ஒரு நீச்சல் குளம் நிறையத் தண்ணின்னு வச்சுக்குங்க. அதில ஒரு சொட்டு மருந்து விழுந்தாலும் இது கண்டுபிடிச்சிடும்," என்றாள் ரதி. "ஆனா மருந்து இருக்கா இல்லையாங்கிறது மட்டும் கணக்கு இல்ல, அண்ணே. எவ்வளவு இருக்கு, அதை எவ்வளவு சாப்பிடுறாங்க, ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்."

கணேசலிங்கத்துக்கு உடம்பு புல்லரித்தது. மனிதக் கண்ணுக்கு எட்டாததைப் பார்க்கிற ஒரு கண். இன்னும் பிறக்காத, முகமே தெரியாத ஒரு பிள்ளைக்காக அது விழித்திருக்கிறது. கை தானாக நெஞ்சுக்கு வந்து குவிந்தது.

மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ரதி வீட்டுக்கே வந்தாள். வந்தவள் இன்னும் கதிரையில் இருக்கவும் இல்லை. அவன் அதற்குள் முடிவு என்ன என்று கேட்டுவிட்டான்.

"மருந்து இல்லண்ணே. ஒரு சொட்டுக்கூட இல்ல."

கணேசலிங்கம் பெடியளைத் திரும்பிப் பார்த்தான்.

"கேட்டியளே? கழுவு, கழுவு எண்டு நான் பின்னாலை நிண்டு கத்தினது வீண்போகேல்லை."

யோகராஜா விசிலடித்தான். லண்டனிலேயே சுத்தமான சாப்பாடு எங்கள் வீட்டுச் சாப்பாடுதான் என்று ஒருவன் மற்றவனின் முதுகில் தட்டினான்.

ரதி மட்டும் சிரிக்கவில்லை. கொடுத்த தேத்தண்ணியையும் தொடவில்லை.

"மத்தவங்க பெட்டி எல்லாத்திலயும் கொஞ்சம் இருந்துச்சு. பயப்படுற அளவு இல்ல. காய்கறி, பழம் சாப்பிட்டா அவ்வளவு இருக்கத்தான் செய்யும். இந்தப் பெட்டியில மட்டும் ஒண்ணுமே இல்ல. மெஷின்லதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சு, அரைக்காம எடுத்து வச்சிருந்த பாதியைத் திறந்து பார்த்தேன்."

அவள் குரல் தாழ்ந்தது.

"ஏழு நாளும் வெறும் சோறும் தேங்காய்ப்பால் சொதியும்தான் இருந்துச்சு. ஒரு துண்டு கேரட் இல்ல. ஒரு கீரைத் தண்டு இல்ல. மீன் இல்ல."

யோகராஜா தலையைக் குனிந்துகொண்டான். கணேசலிங்கம் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

குசினி வாசலில் நின்ற வசந்தமலரின் முகம் கறுத்துவிட்டது. தன்மேல் ஏதோ பழி வந்துவிட்டதென்றே அவள் நினைத்தாள்.

"நான் களவொண்டும் செய்யேல்லை, தங்கச்சி," என்றாள். "நீங்கள் சொன்ன மாதிரி, நான் சாப்பிட்டதைத்தான் அப்பிடியே அளந்து வச்சனான்."