பனிச்சுவர்

அண்டார்டிகாவுக்கு ஆட்களை மலையேற அழைத்துப்போகும் தயாளன், இந்த வருடப் பயணத்துக்கான பாதையைப் பெனிட்டாவின் வீட்டு மேசையில் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தான். அவளுடைய அண்ணன் ரெக்சன் போன வருடம் தயாளனோடு ஏறியவன். அந்த மலைக்கு அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் போகவில்லை. மூன்றாம் முகாமில் ரெக்சனுக்கு மூச்சு நின்றுவிட்டது. உடலைக் கூடாரத்துக்குள் வைத்து மூடிவிட்டு, பனிப்புயலில் தனியாக இறங்கி வந்தான் தயாளன். அந்த உடலைக் கொண்டுவரத்தான் இப்போது பெனிட்டாவும் கிளம்புகிறாள்.

வழி பார்ப்பதற்காக அவன் கேட்டிருந்த, விமானத்திலிருந்து எடுத்த மலையின் படம் அன்று காலைதான் வந்திருந்தது. போன வருடம் அவன் இறங்கி வந்த பத்தாம் நாள் எடுத்தது. அதைத் திரையில் பெரிதாக்கினான். வெள்ளைக்கு நடுவே சிவப்புக் கூடாரம். காற்றடிக்கும் பக்கம் முழுக்க, பனியைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிய சுவர். அதன் நிழல் நீளமாக விழுந்திருந்தது.

தயாளனின் கை அப்படியே நின்றுவிட்டது.

பெனிட்டாவுக்குக் கண் கலங்கியது. "அந்தப் புயல்லயும் அவன்மேல காத்து படக் கூடாதுன்னு சுவரு கட்டிட்டு வந்திருக்கீங்களேண்ணே. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

அவன் ஆமாம் என்று தலையசைத்தால் போதும்.

"நான் கட்டலம்மா. நான் இறங்கினப்ப அங்க சுவரே இல்ல" என்றான்.

"அப்ப வேற யாரு..." என்று தொடங்கியவள், மீண்டும் திரையைப் பார்த்தாள்.