பங்குக் குட்டி

பங்கு வாரத்துக்கு வளர்க்க விட்ட ஆடு இரண்டு குட்டி போட்டால் வளர்த்தவளுக்கு ஒன்று, சொந்தக்காரருக்கு ஒன்று. எது வேண்டுமென்று முதலில் எடுப்பவர் சொந்தக்காரர். அந்த உரிமையோடுதான் மின்னி பே பகுதிக் கடைக்காரர் வேதநாயகம் அதே தீவிலுள்ள கராச்சர்மாவில் பஸ்ஸை விட்டு இறங்கினார்.

ஆட்டை வளர்த்த சபீஹாவின் கொட்டகையில் ஒரு குட்டி வயிறு புடைத்துப் படுத்திருந்தது. இன்னொன்று ஒட்டிய வயிற்றோடு துள்ளிக்கொண்டிருந்தது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒண்ணுக்கு மட்டும் ஊட்டி ஊட்டி வளர்த்திருக்கே. கொழுத்தது உனக்கு, நோஞ்சான் எனக்கா?"

"இந்தச் சின்னதையே எடுத்துக்கங்க அண்ணாச்சி. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"உன் நல்லது எனக்குத் தெரியும். ஜல்தி வழியை விடு."

பெரியதைத் தூக்கினார். விலா எலும்பு விரலில் குத்தியது. ஆனாலும் ஜெயித்த முகத்தோடு அவளைப் பார்த்தார்.

"அது வயிறு பூரா புழு அண்ணாச்சி," என்றாள் சபீஹா. "கப்பல்ல மருந்து தருவிச்சுக் குடுங்கன்னு உங்க கடை வாசல்ல வந்து நின்னேன். 'என் பங்குக் குட்டிக்கு ஒரு மருந்தும் வேணாம், போ'ன்னு விரட்டினீங்க. பக்கத்துப் பெங்காலி அக்கா குடுத்த மருந்து ஒரு குட்டிக்குத்தான் காணும். என் பங்குக்கு ஊத்திட்டேன்."

"எது உன் பங்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

துள்ளிய குட்டியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் நீட்டுறதை நீங்க என்னைக்கு எடுத்திருக்கீங்க?"