நம்ம ஆள்

“வாயத் திறக்காதீங்க லாமர். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

வக்கீல் மார்லா பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

லாமர் பெட்வே எதையோ சொல்லத் துடித்தபடி ஜூரி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ கொடுத்த கோட்டும் டையும் போட்டிருந்தான். மேஜைக்கடியில் காலில் சங்கிலி. ஜூரிகள் கண்ணில் அது படக்கூடாதென்று மேஜையைச் சுற்றித் துணி தொங்கவிட்டிருந்தார்கள்.

விலங்கு போட்டிருந்த தன் கையைச் சிறைக் காவல் அதிகாரி கேப்டன் டில்லர்ட் முறுக்கி உடைத்தார் என்பது பெட்வேயின் வழக்கு. ‘அவனே வழுக்கி விழுந்தான்’ என்பது கேப்டனின் பதில்.

அலபாமாவின் அந்தச் சின்ன ஊர் நீதிமன்றத்தில் காலையிலிருந்து, தீர்ப்புச் சொல்லப்போகும் ஜூரிகளைப் பொறுக்கி எடுக்கும் வேலை நடந்தது. வந்த கூட்டத்தில் கழித்துக் கட்டியது போக எட்டுப் பேர் நாற்காலியில் மிஞ்சினார்கள்.

“கடைசியா ஒருதரம் கேக்கறேன்,” என்றார் நீதிபதி. “பெட்வேயையோ கேப்டனையோ உங்கள்ல யாருக்காவது தெரியுமா? தெரிஞ்சா கையத் தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை.

“மூணாவது நாற்காலி, நீலத் தொப்பி,” என்றான் பெட்வே மெதுவாக. “எங்க வெர்னா அத்தை. அம்மாகூட சர்ச்சுல பாடறவங்க. அவங்க வீட்டுல சாப்பிட்டு வளந்தவன் நான்.”

“அப்புறம் ஏன் கையத் தூக்கல?”

“எனக்காகத்தான்.”

“நீங்க சொன்னது என் காதுல விழலன்னு வெச்சுக்கறேன். எட்டுப் பேர்ல நமக்குன்னு ஒரு ஆள் இருந்தா கசக்குதா?”

“வக்கீலம்மா, சிறைக்குள்ள என்னை விசாரிச்ச மூணு பேரும் கேப்டனோட ஆளுங்க. நான் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க. அது அநியாயம்னுதானே இங்க வந்திருக்கேன்? இப்ப நானும் என் ஆளை உக்கார வெக்கவா?”

“நியாயம் பேசற நேரமா இது?”

சங்கிலி சலசலத்தது. பெட்வே எழுந்து நின்றுவிட்டான்.

“ஐயா, அந்த நீலத் தொப்பி அம்மாவுக்கு என்னைத் தெரியும். சின்னப் பிள்ளையிலேர்ந்து தெரியும். அவங்க என் பக்கம்தான் சாய்வாங்க. அவங்க ஜூரியில இருக்கறது சரியில்ல. அவங்களைத் திட்டாதீங்க ஐயா. எல்லாம் என் மேல இருக்கற பாசம்.”

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது.

நீதிபதி வெர்னாவைக் கண்டித்து வெளியே அனுப்பினார். போகிற போக்கில் அவள் பெட்வேயை முறைத்தாள்.

“உனக்கு என்னைக்குடா புத்தி இருந்துச்சு!”

எதிர் மேஜையில் கேப்டன் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

“போச்சு,” என்றாள் மார்லா. “கையில இருந்ததையும் விட்டாச்சு.”

அப்போதுதான் ஐந்தாவது நாற்காலியிலிருந்து ஒரு கை எழுந்தது. வெயிலில் சிவந்த கழுத்தும் தடித்த உடம்புமாக ஒரு ஆள்.

“நான் கொஞ்சம் தனியாப் பேசணும் ஐயா.”

நீதிபதி அவனையும் இரண்டு வக்கீல்களையும் தன் பக்கத்தில் கூப்பிட்டார். பேச்சு மற்றவர் காதில் விழாமலிருக்க இரைச்சல் எந்திரத்தைப் போட்டார்கள். பெட்வேக்குத் தெரிந்தது அந்த ஆளின் முதுகு மட்டும்தான். பேசி முடித்ததும் அவன் யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

“என்னைப் பிடிக்கலபோல,” என்றான் பெட்வே, மார்லா திரும்பி வந்ததும். “கைதி வழக்குல உக்காரறதே கேவலம்னு நினைக்கறவங்க உண்டு.”

மார்லா என்னவோ போலிருந்தாள். “வழக்கு முடியறவரைக்கும் இதைப்பத்திப் பேசக் கூடாதுன்னு நீதிபதி உத்தரவு.”

காலியான நாற்காலிகளுக்குப் புதிதாக இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பெட்வேயையும் தெரியாது, கேப்டனையும் தெரியாது.

விசாரணை தொடங்கியது. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தார். “விழுந்தா இப்படி உடையாது. யாராவது பிடிச்சுத் திருகணும்,” என்றார். கேப்டன் சாட்சிக் கூண்டில் முதல் நாள் ஒன்று சொன்னார், மறுநாள் வேறொன்று சொன்னார்.

மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. எட்டுப் பேரும் ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்கள். கையை உடைத்தது கேப்டன்தான்.

“ஆண்டவரே!” என்று பின்வரிசையில் வெர்னா போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. நீதிபதி அதட்டவில்லை.

பெட்வே கோணிப்போன மணிக்கட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான்.

“ஜெயிச்சிட்டோம் வக்கீலம்மா! நம்ம ஆளுன்னு ஒருத்தர்கூட இல்லாம ஜெயிச்சிட்டோம்!”

மார்லா அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இப்பவாவது சொல்லுங்க. அன்னிக்கு எழுந்து போனாரே, அவர் என்ன சொன்னாரு? என்னைத் திட்டினாரா?”

“இல்ல லாமர். ‘கேப்டன் என் ரொம்ப நாள் கூட்டாளி ஐயா. நீங்க கேட்டப்ப நான் கையத் தூக்கல. அந்தக் கைதி தன் ஆளைத் தானே காட்டிக்குடுத்து வெளிய அனுப்பிட்டான். சரி, இவரும் எழுந்து என்னைப் பத்திச் சொல்லுவாருன்னு கேப்டனைப் பாத்தேன். அவரு என்னைப் பாத்துக் கண்ணடிச்சாரு’ன்னாரு.”